சிலுவைப் போர்களைப் பற்றி வாதாடப் போகிறீர்களா? முதலில் ஆண்டைக் கேளுங்கள்: ஒரு முழுமையான வழிகாட்டி

"யார் முதலில் ஆரம்பித்தது?" கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் நடந்த போர்களைப் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும், அது ஹாஸ்டல் அறையோ கல்யாண வீட்டுப் பந்தலோ, சீக்கிரமே இந்தக் கேள்வி வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒருவர் 1099-ல் ஜெருசலேமில் சிலுவைப் போர்வீரர்கள், அதாவது போப்பின் அழைப்பில் ஐரோப்பாவிலிருந்து போன கிறிஸ்தவப் படையினர், செய்த படுகொலையைச் சொல்வார், இன்னொருவர் அதற்கு நானூறு வருடங்களுக்கு மேல் முன்பாகவே அந்த ஊரை அரபுப் படை பிடித்ததே என்பார், மூன்றாவது ஆள் 1453-ல் ஓட்டோமான் துருக்கியர் பிடித்த கான்ஸ்டான்டிநோபிள் என்பார், நாலாவது ஆள் நேற்றைய டிவி செய்தியைக் கொண்டுவந்து நடுவில் போடுவார். அப்புறம் குரல் மட்டும்தான் ஏறும்.

இதை உருப்படியாக வாதாட முடியும். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "இரண்டு மதங்களுக்கு நடுவே 1,400 வருடமாக ஓயாத சண்டை" என்பதும் தப்பு, "மதமெல்லாம் சும்மா ஒரு சாக்கு, எல்லாமே பணமும் பதவியும்தான்" என்பதும் தப்பு. ஒவ்வொரு போரையும் தனியாக எடுத்து, எந்த ஆண்டு, எந்த ஊர், இரண்டு பக்கமும் யார் யார் நின்றார்கள் என்று எழுதிப் பார்த்தால் இரண்டு கட்சியும் தானாக ஆட்டம் காணும். பெரும்பாலும் 1095 முதல் 1291 வரையிலான சிலுவைப் போர்களை வைத்தே சொல்கிறேன், ஏனென்றால் வாதம் எங்கே சுற்றினாலும் கடைசியில் அங்கேதான் வந்து விழுகிறது.

1. தலைப்பை வாதாடும் அளவுக்கு வெட்டுங்கள்

"எந்த மதம் அதிகம் கொன்றது?" என்பது பட்டிமன்றத்தில் கைதட்டு வாங்கும் தலைப்பு, ஆனால் வாதாட முடியாத தலைப்பு. ஸ்பெயினிலிருந்து சிரியா வரைக்கும், ஏழாம் நூற்றாண்டிலிருந்து இன்று வரைக்கும் உள்ள எல்லாவற்றையும் கூட்டிக் கழிக்க யாராலும் ஆகாது. அதை இப்படி வெட்டுங்கள்: "1095-ல் போப் இரண்டாம் அர்பன் விடுத்த போர் அழைப்பு தற்காப்புக்காகவா, ஆக்கிரமிப்புக்காகவா?" அல்லது "1187-ல் ஜெருசலேமைத் திரும்பப் பிடித்த முஸ்லிம் சுல்தான் சலாஹுத்தீன் அந்த ஊர் மக்களை நடத்திய விதம் அந்தக் காலத்துக்கு அசாதாரணமானதா?" இப்படிக் கேட்டால் ஆம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம், இரண்டுக்கும் சான்று தேட வேண்டியிருக்கும். எதிராளி தலைப்பை வெட்ட ஒப்புக்கொள்ளவில்லை என்றால் அவர் வாதத்துக்கு வரவில்லை, திட்டத்தான் வந்திருக்கிறார்.

2. தொடக்க ஆண்டை மேசைமேல் வையுங்கள்

இந்த விவாதத்தில் தொடக்க ஆண்டைத் தேர்ந்தெடுப்பவர் பாதி ஜெயித்துவிடுகிறார். கதையை 1095-ல் தொடங்கினால், எங்கோ மேற்கு ஐரோப்பாவில் இருந்தவர்கள் ஒரு நாள் காலையில் எழுந்து கிழக்கே கொள்ளையடிக்கக் கிளம்பியது போல இருக்கும். 636-ல் யர்முக் போரிலிருந்து தொடங்கினால், கான்ஸ்டான்டிநோபிளைத் தலைநகராகக் கொண்ட கிறிஸ்தவப் பைசாந்தியப் பேரரசு அரபுப் படையிடம் சிரியாவை இழந்தது, 638 வாக்கில் ஜெருசலேம் கலீபா உமரிடம் சரணடைந்தது, அப்புறம் எகிப்து, வட ஆப்பிரிக்கா, 711-ல் ஸ்பெயின் என்று வரிசையாக வந்து, சிலுவைப் போர் வெறும் தாமதமான பதிலடி போலத் தோன்றும்.

இரண்டு கதையிலும் ஒரு பூசணிக்காய் சோற்றில் மறைகிறது. 1095-ல் தொடங்குபவர், சிரியாவும் எகிப்தும் ஒரு காலத்தில் கிறிஸ்தவப் பேரரசின் மாகாணங்களாக இருந்து போரில் கைமாறியவை என்பதை மறைக்கிறார். 636-ல் தொடங்குபவர், ஜெருசலேம் சரணடைந்த பிறகு நடுவே 457 வருடங்கள் ஓடிவிட்டதை மறைக்கிறார். அந்தக் காலம் முழுக்க ஜெருசலேமில் கிறிஸ்தவர்கள், முஸ்லிம் அல்லாதவர்கள் மீது விதிக்கப்பட்ட ஜிஸ்யா வரி கட்டிக்கொண்டு, இரண்டாம் நிலைக் குடிகளாகத்தான் என்றாலும், வாழ்ந்தார்கள், ஐரோப்பாவிலிருந்து யாத்திரிகர்கள் வந்துபோனார்கள். 1009-ல் எகிப்தை ஆண்ட பாத்திமிய கலீபா அல்-ஹாக்கிம் திருக்கல்லறைத் தேவாலயத்தை இடித்ததும் உண்மை, பிற்பாடு வந்த பாத்திமியர்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டு பைசாந்தியப் பேரரசர்கள் அதைத் திரும்பக் கட்டியதும் உண்மை. முதலாவதை மட்டும் சொல்பவர்களை நிறையப் பார்க்கலாம்.

உடனடிக் காரணம் வேண்டுமென்றால் 1071-க்குப் போங்கள். மன்சிகர்ட்டில் செல்ஜுக் துருக்கிய சுல்தான் அல்ப் அர்ஸ்லான் பைசாந்தியப் பேரரசர் நான்காம் ரோமானோஸைத் தோற்கடித்துச் சிறைபிடித்தார். பிடித்தவர் ஒப்பந்தம் போட்டு விடுதலை செய்தார். ஊர் திரும்பியவரின் கண்களைப் பிடுங்கியது அவருடைய சொந்த ஆட்கள். அந்த உள்நாட்டுச் சண்டையில்தான் ஆசியா மைனர் (இன்றைய துருக்கி) கைநழுவியது, அதனால்தான் பேரரசர் அலெக்சியோஸ் 1095-ல் மேற்கே உதவி கேட்டார். அவர் எதிர்பார்த்தது சம்பளத்துக்குச் சண்டை போடும் சில படைப்பிரிவுகளை. வந்து சேர்ந்ததோ ஜெருசலேமைப் பிடிக்கக் கிளம்பிய பெருங்கூட்டம்.

ஆக, "தற்காப்பு" என்று வாதாடுபவருக்கு மன்சிகர்ட் கைகொடுக்கும். ஆனால் உடனே ஒரு கேள்வி வரும், அதற்குப் பதில் வைத்துக்கொள்ளுங்கள்: 1099-ல் ஜெருசலேம் யார் கையில் இருந்தது? செல்ஜுக் துருக்கியர் கையில் இல்லை. 1098-லேயே எகிப்தின் பாத்திமியர்கள் அதைத் துருக்கியரிடமிருந்து பிடித்துவிட்டார்கள். பைசாந்தியத்தை அடித்தவர் ஒருவர், ஜெருசலேமில் அடி வாங்கியவர் இன்னொருவர், இருவரும் ஒருவருக்கொருவர் பகை. ஒருவர் சுன்னி, இன்னொருவர் ஷியா.

3. யார் யாரோடு நின்றார்கள் என்று அட்டவணை போடுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன். ஒரு தாளில் நடுவே கோடு போட்டு, போரின் பெயருக்குக் கீழே இடப்பக்கம் நின்றவர்கள், வலப்பக்கம் நின்றவர்கள் என்று எழுதுங்கள். பத்துப் போர் எழுதுவதற்குள் "கிறிஸ்தவர்", "முஸ்லிம்" என்ற தலைப்புகள் எத்தனை இடத்தில் பொருந்தவில்லை என்று தெரிந்துவிடும்.

ஜெருசலேம் விழுந்து பத்து வருடம்கூட ஆகாத 1108-ல் டர்பெசல் அருகே ஒரு சண்டை. ஒரு பக்கம் சிலுவைப் போர்த் தலைவரான அந்தியோக்கியாவின் தாங்க்ரெட், அவரோடு அலெப்போவின் முஸ்லிம் ஆட்சியாளர் ரித்வான். எதிரே இன்னொரு சிலுவைப் போர்த் தலைவரான எடெஸ்ஸாவின் பால்ட்வின், அவரோடு ஜவாலி என்ற துருக்கியத் தளபதி. இரண்டு பக்கமும் சிலுவை, இரண்டு பக்கமும் பிறை. 1140-ல் அலெப்போவையும் மோசூலையும் ஆண்ட ஜெங்கியின் படையெடுப்புக்குப் பயந்து டமாஸ்கஸ் நகரம் ஜெருசலேம் கிறிஸ்தவ அரசோடு கூட்டு வைத்தது. எட்டே வருடத்தில், 1148-ல், இரண்டாம் சிலுவைப் போர்க்காரர்கள் வேறெங்கும் போகாமல் அதே டமாஸ்கஸை முற்றுகையிட்டு, தோற்று, இருந்த ஒரு கூட்டாளியையும் கெடுத்துக்கொண்டார்கள். 1244-ல் காஸாவுக்கு அருகே நடந்த லா போர்பி போரில் சிலுவைப் படையோடு டமாஸ்கஸ், ஹோம்ஸ் படைகள் தோளோடு தோள் நின்றன, எதிரே எகிப்தும், மத்திய ஆசியாவிலிருந்து வந்த குவாரெஸ்மியர்களும்.

நான்காம் சிலுவைப் போர் இன்னும் மோசம். முஸ்லிம்கள் மேல் போகக் கிளம்பிய படை 1202-ல் ஸாரா என்ற கத்தோலிக்க நகரத்தை அடித்தது, 1204-ல் கான்ஸ்டான்டிநோபிளைச் சூறையாடியது. பைசாந்தியம் அந்த அடியிலிருந்து முழுதாக எழவே இல்லை. 1453-ஐப் பற்றிப் பேசுபவர் 1204-ஐச் சொல்லாமல் விட்டால், கதையில் முதல் அத்தியாயத்தைக் கிழித்துவிட்டார் என்று பொருள். 1453-லேயேகூட, இரண்டாம் மெஹ்மத்துக்குப் பெரிய பீரங்கி வார்த்துக் கொடுத்தவர் ஓர்பான் என்ற கிறிஸ்தவர், செர்பியக் கிறிஸ்தவப் படைப்பிரிவும் சுல்தான் பக்கம் இருந்தது. நகரத்துக்குள்ளே பைசாந்தியர்களோடு நின்று சண்டை போட்டவர்களில் ஓர்ஹான் என்ற ஓட்டோமான் இளவரசரும் அவருடைய ஆட்களும் உண்டு.

பின்னால் வந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். 1543-ல் பிரான்சின் கத்தோலிக்க மன்னரும் ஓட்டோமான் கடற்படையும் சேர்ந்து நீஸ் நகரத்தை முற்றுகையிட்டார்கள். 1683 வியன்னாவில் ஹங்கேரியப் புராட்டஸ்டன்ட் தலைவர் தோகோலி ஓட்டோமான் பக்கம், போலந்து மன்னர் சோபியெஸ்கியின் படையில் முஸ்லிம் தாத்தார்கள். 1853-ல் தொடங்கிய கிரிமியப் போரில் பிரிட்டனும் பிரான்சும் சுல்தானுக்காக ரஷ்யாவோடு மோதின. 1914-ல் ஓட்டோமான் சுல்தான் ஜிஹாத் அறிவித்தபோது அவருடைய கூட்டாளி கிறிஸ்தவ ஜெர்மனி, இரண்டு வருடத்தில் மெக்காவின் ஷரீப் ஹுசைன் பிரிட்டனோடு சேர்ந்து அதே சுல்தானுக்கு எதிராக எழுந்தார்.

ஒரு எச்சரிக்கை. இந்த அட்டவணை கையில் வந்ததும் "பார்த்தீர்களா, மதத்துக்கும் போருக்கும் சம்பந்தமே இல்லை" என்று முடித்துவிடத் தோன்றும். அங்கே நிறுத்தாதீர்கள்.

4. மதம் எங்கே நிஜமாக வேலை செய்தது என்று தேடுங்கள்

"நிலத்துக்கும் காசுக்கும்தான் போனார்கள்" என்பது கேட்கப் புத்திசாலித்தனமாக இருக்கும். ஆனால் ஒரு குதிரை வீரன் அவ்வளவு தூரம் போய்ச் சண்டை போட ஆகும் செலவு அவனுடைய ஒரு வருட வருமானத்தைப் போலப் பல மடங்கு. நிலத்தை அடமானம் வைத்துத்தான் பலர் கிளம்பினார்கள். நார்மண்டியின் பிரபு ராபர்ட் தன் முழுப் பிரதேசத்தையும் தம்பியிடம், இங்கிலாந்து மன்னரிடம், 10,000 மார்க் வெள்ளிக்கு அடமானம் வைத்தார். ஜெருசலேம் விழுந்ததும் பிழைத்தவர்களில் பெரும்பாலோர் வீடு திரும்பிவிட்டார்கள், புதிய அரசைக் காக்க மிஞ்சிய குதிரை வீரர்கள் சுமார் 300 பேர் என்று அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் புல்கரே எழுதுகிறார். லாபத்துக்குப் போனவர்கள் நடந்துகொள்ளும் விதமா இது?

மறுபக்கமும் உண்டு. 1095-ல் போப் அர்பன் கூட்டிய கிளெர்மோன் சங்கத்தின் (ஆயர்கள் மாநாட்டின்) தீர்மானம், பக்தியினால் மட்டும், பேருக்கோ பணத்துக்கோ இல்லாமல், போகிறவருக்குத்தான் அந்தப் பயணம் எல்லாப் பாவப் பரிகாரத்துக்கும் ஈடாகும் என்கிறது. பணத்துக்குப் போகிறவர்களும் இருப்பார்கள் என்று போப்புக்கே தெரிந்திருக்கிறது. வெனிஸ் நகரம் 1124-ல் டயர் துறைமுகத்தைப் பிடிக்க உதவியதற்குக் கூலியாக அந்த நகரத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பேசி வாங்கியது. அதைப் பக்தி என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

முஸ்லிம் தரப்பிலும் இதே கலவைதான். சலாஹுத்தீன் 1174-லிருந்து 1186 வரை டமாஸ்கஸ், அலெப்போ, மோசூல் என்று பெரும்பாலும் முஸ்லிம் போட்டியாளர்களோடுதான் மல்லுக்கட்டினார், அதை ஜிஹாதுக்கான ஒற்றுமை என்றார், எதிரிகள் குடும்ப ஆட்சிக்கான பேராசை என்றார்கள். ஆனால் அவருக்கு முன்னவரான நூருத்தீன், ஜெருசலேம் இன்னும் சிலுவைப் படையின் கையில் இருந்தபோதே அல்-அக்ஸா பள்ளிவாசலுக்கென்று ஒரு மிம்பரை, அதாவது பிரசங்க மேடையை, அலெப்போவில் செய்துவைத்தார், வைத்துப் பார்க்காமலே 1174-ல் இறந்தார், 1187-ல் அதைக் கொண்டுபோய் வைத்தது சலாஹுத்தீன். இந்த ஏக்கத்தை அரசியல் கணக்கில் மட்டும் அடக்க முடியாது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு திருட்டுத்தனம் இருக்கிறது, எல்லோரும் செய்வது: நம்ம ஆள் செய்த கொடுமைக்குக் காரணம் அரசியல், அவன் ஆள் செய்த கொடுமைக்குக் காரணம் அவன் மதம். எதிராளி இதைச் செய்தால் அவருடைய வாக்கியத்தில் மதப் பெயர்களை இடம் மாற்றித் திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள், வேறொன்றும் பேச வேண்டாம். உங்கள் வாக்கியத்திலும் வீட்டில் வைத்து இதைச் செய்து பாருங்கள்.

5. எண்ணிக்கை வந்தால், எழுதியவரின் பிறந்த ஆண்டைப் பாருங்கள்

1099 ஜூலை 15. ஜெருசலேமில் 70,000 பேர் கொல்லப்பட்டார்கள் என்ற எண்ணை நிச்சயம் கேட்டிருப்பீர்கள். அது இப்னு அல்-அதீரின் நூலில் இருப்பது, அவர் பிறந்ததே 1160-ல். ஜெருசலேமில் அதற்குச் சில வருடம் முன்பு தங்கிப் படித்த செவில் நகர அறிஞர் இப்னு அல்-அரபி சொல்லும் எண் 3,000. கிறிஸ்தவத் தரப்பில் கூடவே இருந்து பார்த்த ரேமண்ட், குதிரைக் கடிவாளம் வரை இரத்தம் ஓடியது என்று பெருமையாக எழுதினார். கத்தோலிக்கர்கள் திருவெளிப்பாடு என்றும் சி.எஸ்.ஐ. காரர்கள் வெளிப்படுத்தின விசேஷம் என்றும் சொல்லும் நூலில், 14-ஆம் அதிகாரத்தைத் திறந்தால் அந்தக் கடிவாளம் அப்படியே இருக்கும். அவர் அளந்து பார்த்து எழுதவில்லை, வேதத்தை மனதில் வைத்து எழுதியிருக்கிறார்.

இன்னொரு வகைச் சான்றும் உண்டு. கெய்ரோவில் ஒரு பழைய யூத ஜெபக்கூடத்தில் கிடைத்த கடிதங்களில், ஜெருசலேமில் பிடிபட்ட யூதக் கைதிகளையும் அவர்களுடைய நூல்களையும் காசு கொடுத்து மீட்ட கணக்கு இருக்கிறது. அப்படியென்றால் ஊரில் ஒருவர்கூட மிஞ்சவில்லை என்பது சரியில்லை. இதைச் சொன்னதும் "அப்போ படுகொலையே நடக்கவில்லை என்கிறீர்களா?" என்று யாராவது பாய்வார்கள். நடந்தது, இரு தரப்பும் ஒப்புக்கொள்வது. மூவாயிரம் பேரைக் கொன்றதும் படுகொலைதான், அதை எழுபதாயிரம் ஆக்கித்தான் நிரூபிக்க வேண்டும் என்பதில்லை.

போப் அர்பனின் பேச்சும் இப்படித்தான். நமக்குக் கிடைக்கும் பிரதிகள் எல்லாமே வெற்றிக்குப் பிறகு எழுதப்பட்டவை, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவும் இல்லை. அதிலிருந்து ஒரு வரியை எடுத்து மேற்கோள் குறிக்குள் போட்டு "போப் சொன்னார்" என்று யாராவது வந்தால், யார் எழுதிய பிரதி என்று கேளுங்கள். பத்துக்கு ஒன்பது பேர் முழிப்பார்கள்.

6. ஒப்பிடுவதென்றால் ஒரே மாதிரியானவற்றை ஒப்பிடுங்கள்

1099-ஐயும் 1187-ஐயும் பக்கத்தில் வைத்து, "இவர்கள் கொன்றார்கள், சலாஹுத்தீன் மன்னித்தார்" என்பது மிகப் பிரபலமான வாதம். பாதி சரி. 1099-ல் நகரம் மதில் ஏறிப் பிடிக்கப்பட்டது. 1187-ல் பேசிச் சரணடைந்தது, அதுவும் உள்ளே நகரக் காவலுக்குத் தலைமை தாங்கிய பாலியன், வழி விடாவிட்டால் முஸ்லிம் கைதிகளைக் கொன்று புனிதத் தலங்களையும் இடித்துவிடுவோம் என்று மிரட்டிய பிறகு. ஆணுக்கு 10 தினார், பெண்ணுக்கு 5 என்று மீட்புத்தொகை வைத்தார்கள், கட்ட முடியாத ஆயிரக்கணக்கான ஏழைகள் அடிமைகளானார்கள். சண்டை போட்டுப் பிடித்த நகரத்தில் வெறியாட்டம், சரணடைந்த நகரத்தில் பேரம், இது அந்தக் காலத்து வழக்கம். 1268-ல் எகிப்தின் மம்லூக் சுல்தான் பைபர்ஸ் அந்தியோக்கியாவைப் பிடித்தபோது நடந்த படுகொலையை 1099-க்குப் பக்கத்தில் வைத்தால்தான் ஒப்பீடு நியாயமாக இருக்கும். 1191-ல் பாலஸ்தீனக் கடற்கரை நகரமான ஏக்கர் சரணடைந்த பிறகு இங்கிலாந்தின் ரிச்சர்ட் மன்னர் சுமார் 2,700 கைதிகளை வெட்டியதற்குப் பக்கத்தில், 1187 ஹத்தீன் போருக்குப் பிறகு சலாஹுத்தீன் டெம்ப்ளர், ஹாஸ்பிடலர் என்ற துறவுப் போர்ச்சங்கங்களின் வீரர்களை வரிசையாகக் கொல்லச் செய்ததை வையுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு சலாஹுத்தீனுக்கு மிச்சம் என்ன? கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார், வசதியில்லாத பலரைக் காசு வாங்காமல் விட்டார். அது சின்ன விஷயம் இல்லை என்றுதான் நினைக்கிறேன், ரிச்சர்டோடு ஒப்பிட்டால் நிச்சயமாக இல்லை.

7. நம் கடற்கரையில் ஒத்திகை பாருங்கள்

பாலஸ்தீனம் தூரமாக இருந்தால் வேதாளைக்கு வாருங்கள், ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபத்துக்குப் பக்கம். 1538-ல் அங்கே போர்ச்சுகீசியத் தளபதி மார்ட்டிம் அபோன்சோ ட சூசா மரைக்காயர்கள் தலைமையிலான கடற்படையைத் தோற்கடித்தார். கிறிஸ்தவர்–முஸ்லிம் போர் என்று எழுதிவிட எல்லாம் பொருந்துகிறது, இல்லையா? அட்டவணையைப் போடுங்கள். மரைக்காயர்களின் கப்பல்கள் கோழிக்கோடு சாமூதிரியுடையவை, அவர் இந்து மன்னர். அவை போய்க்கொண்டிருந்தது இலங்கையில் சீதாவாக்கை மன்னர் மாயாதுன்னேவுக்கு உதவ. மாயாதுன்னேவின் எதிரி அவருடைய சொந்த அண்ணன், இலங்கையின் கோட்டே அரசின் மன்னர் புவனேகபாகு, அவர்தான் போர்ச்சுகீசியரோடு கூட்டு.

அதற்குச் சற்று முன்புதான் முத்துக்குளித்துறையில், முத்துக்குளிக்கும் உரிமை பற்றி முஸ்லிம் வணிகர்களோடு ஏற்பட்ட தகராறில் பாதுகாப்பு தேடிப் பரதவர்கள் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள், சவேரியார் 1542-ல் வருவதற்கு முன்பே. தொழில் தகராறு மதமாற்றத்தில் முடிந்தது, மாறிய மதமோ நானூற்றைம்பது வருடத்துக்கு மேல் நிலைத்து அந்த மக்களின் உயிராகவே ஆகிவிட்டது. காரணம் ஒன்று, விளைவு வேறொன்று. 1600-ல் நான்காம் குஞ்ஞாலி மரைக்காயரின் கோட்டையை முற்றுகையிட்டவர்கள் போர்ச்சுகீசியரும், குஞ்ஞாலிகள் தலைமுறையாகச் சேவித்த அதே சாமூதிரியும் சேர்ந்துதான். சாமூதிரியிடம் சரணடைந்த குஞ்ஞாலியைக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள்.

இந்த ஒரு கடற்கரையை வைத்தே நாலு தலைப்பு எழுதலாம், நண்பர்களோடு ஒரு மாலை முழுக்க ஓடும்.

8. வாதம் நடக்கும்போது

எதிராளியின் வாதத்தை அவரே "ஆமாம், அதைத்தான் சொல்கிறேன்" என்று ஒப்புக்கொள்ளும் அளவுக்கு நன்றாக நீங்களே ஒரு தடவை சொல்லிவிட்டு அப்புறம் மறுங்கள். இது மரியாதைக்காக மட்டும் சொல்வதில்லை, நேரம் மிச்சமாகும். அவர் சொன்னதில் சரியானது இருந்தால் உடனே சரி என்று சொல்லிவிடுங்கள், இழுத்தடித்துக் கடைசியில் ஒப்புக்கொண்டால் தோற்ற மாதிரி தெரியும்.

கூட்டத்தில் கிறிஸ்தவ நண்பரோ முஸ்லிம் நண்பரோ இருந்தால், "உங்க ஆளுங்க" என்ற சொல்லை வாயில் வரவிடாதீர்கள். தூத்துக்குடிக்காரர் ஒருவர் நார்மண்டி ராபர்ட்டுக்கோ, காயல்பட்டினத்துக்காரர் பைபர்ஸுக்கோ பதில் சொல்லக் கடமைப்பட்டவர் இல்லை. யாராவது இன்றைய போர் ஒன்றை நடுவில் கொண்டுவந்தால், அது பேசக்கூடாத விஷயம் என்று வாயடைக்காதீர்கள், தனித் தலைப்பாக, தனி நாளில், அதே அட்டவணையோடு பேசலாம் என்று தள்ளி வையுங்கள். லெபனானின் 1975–1990 உள்நாட்டுப் போருக்கு அட்டவணை போட்டுப் பார்த்தால் 1976-ல் சிரியப் படை மரோனியக் கிறிஸ்தவர்களுக்குச் சாதகமாக உள்ளே வந்ததும், 1990-ல் கிறிஸ்தவப் படைகளே தங்களுக்குள் அடித்துக்கொண்டதும் தெரியும், பழைய கதை என்று யாரும் தள்ள முடியாது.

"அப்போ ரெண்டு பேரும் சமம்தான் என்கிறீர்களா?" என்று கேட்பார்கள், எப்படியும் கேட்பார்கள். எந்தப் போரில், எந்த ஆண்டில் என்று கேளுங்கள். 1204-ல் சமம் இல்லை, சிலுவைப் படைமீதுதான் குற்றம். 1268-ல் சமம் இல்லை, பைபர்ஸ்மீதுதான் குற்றம். 1229-ல் சிலுவைப் படையோடு வந்த ஜெர்மன் பேரரசர் இரண்டாம் பிரெடரிக்கும் எகிப்தின் சுல்தான் அல்-காமிலும் ஒரு சொட்டு இரத்தம் சிந்தாமல் பேசியே ஜெருசலேமைக் கைமாற்றினார்கள், பிரெடரிக் அப்போது போப்பால் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டவர், அல்-காமிலைத் துரோகி என்று அவருடைய பக்கத்திலேயே ஏசினார்கள். முதல் தடவை வாதாடுபவர்கள் இந்த 1229 ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: அதில் ஏமாந்தது யார், பிரெடரிக்கா, அல்-காமிலா? இரண்டு அணிக்கும் சான்று சரிசமமாகக் கிடைக்கும்.